விலக்கப்பட்ட கனியும் விளக்கப்பட்ட காரணமும்

"மருந்து உண்ணும் காலத்தில் அகத்திக் கீரை ஆகாது, மருந்தை முறித்துவிடும்!" இந்தக் கட்டளையைக் கேளாத வீடு கொங்கு நாட்டில் உண்டா? அவிநாசியிலே கேட்கலாம், ஆனைமலையிலே கேட்கலாம், பெருந்துறையிலே கேட்கலாம், பொள்ளாச்சியிலே கேட்கலாம். சொல்பவரைச் சற்றே நிறுத்தி, "எந்த மருந்தை முறிக்கும்? எவ்வளவு தின்றால் முறிக்கும்? முறிந்ததைக் கண்டவர் யார்?" என்று மூன்றே மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். விடை வராது, வெகுளி வரும்! "பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். சும்மா சொன்னார்களா, சோதித்துச் சொன்னார்களா என்பதுதானே நமது கேள்வி!

1925-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஈரோட்டிலே 'குடிஅரசு' ஏடு பிறந்தது. 'ஏன்?' என்று கேட்பது குற்றமல்ல, கேளாதிருப்பதே குற்றம் என்று இந்த மண்ணின் இளைஞர்க்கு அது கற்றுக்கொடுத்தது. கோயிலைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டோம்; குலத்தைப் பற்றிக் கேட்டோம். குடிக்கும் பழச்சாற்றைப் பற்றியும், விழுங்கும் மாத்திரையைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க ஏனோ மறந்துவிட்டோம். மறந்ததன் விலை என்னவென்பதை அண்மையிலே கண்ணெதிரே கண்டோம். அதனால்தான் இக்கட்டுரை.

நொய்யலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், நம்மோடு பணிபுரியும் ஆசிரியர் ஒருவரின் தந்தையார் வாழ்கிறார். எழுபதைத் தொட்ட உழவர். இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, ஸ்டென்ட் வைக்கப்பட்டு, நாள்தோறும் இரவில் ஒரு கொழுப்புக் குறைப்பு மாத்திரை உண்ணுமாறு பணிக்கப்பட்டவர். அவரைக் காணச் சென்றபோது, திண்ணையிலே ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே எலுமிச்சை, இஞ்சி, பூண்டு இவற்றின் சாறும், ஆப்பிள் காடியும் காய்ச்சி, தேன் கலந்த ஒரு நீர்மம்.

"மாத்திரையை நிறுத்திப் போட்டனுங்க, வாத்தியாரே. இந்தச் சாறே அடைப்பைக் கரைச்சுப் போடும்னு செல்போன்ல வந்துதுங்க. பழச்சாறுதானுங்களே, கெடுதலா பண்ணிரும்?" என்றார்.

கரைத்ததைக் கண்டவர் யார் என்று கேட்டோம். அவர் சிரித்தார். இரண்டு திங்கள் கழித்து மீண்டும் நெஞ்சுவலி. கோவை மருத்துவமனையொன்றில் ஒன்பது நாள் கிடந்தார். பிழைத்தார். பிழைத்து வந்தவர் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி வேறு. அதைப் பிறகு சொல்லுவோம்.

'பழச்சாறுதானே' என்கிறார்களே, அந்தப் பழச்சாறு ஒன்றின் கதையை முதலில் கேளுங்கள். உலகத்து மருத்துவர்களையெல்லாம் ஒரு நாள் திடுக்கிட வைத்த சாறு அது. சாறு என்றவுடன் கோவைக்காரர்களுக்குக் கலங்கல் ஊர் தந்த ஜி. டி. நாயுடு நினைவுக்கு வரக்கூடும். அவர் செய்த கருவிகளுள் பழச்சாறு பிழியும் கருவியும் ஒன்று. பழத்தைப் பிழிவதற்குக் கருவி செய்தார் நம்மவர். பிழிந்த சாறு உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைக் கண்டவர் கடல்கடந்த ஒருவர்.

பம்பளிமாசு நம்மவர்க்குத் தெரிந்த பழம். தலையளவு பருத்து, தடித்த தோல் போர்த்து, உள்ளே வெண்மையோ இளஞ்சிவப்போ கொண்ட சுளைகளோடு நிற்கும் அதனைப் புழக்கடையிலே வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட இப்பழம், ஐரோப்பியரின் கப்பலேறி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது. ஷாடக் என்ற கப்பல் தலைவன் விதை கொண்டுபோனான் என்பது வழிவழிச் செய்தி. ஆங்கிலத்திலே அப்பழத்துக்கு அவன் பெயரே நிலைத்தது. அங்கே, பார்படோசு தீவிலே, ஆப்பிரிக்க அடிமைகளின் முதுகெலும்பு முறிய முறியக் கரும்பு விளைந்த அந்தத் தீவிலே, பம்பளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் தாமாகக் கலந்து ஒரு புதுக் கனி தோன்றிற்று. யாரும் திட்டமிட்டு ஒட்டவில்லை. கலப்பு மணத்துக்குத் தடை சொல்ல மரங்களிடையே மனுநீதி இல்லையல்லவா!

1750-ஆம் ஆண்டு அத்தீவின் இயற்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார் கிரிஃபித் ஹியூஸ் என்ற பாதிரியார். புதுக் கனியைக் கண்டார்; அதற்கு வழங்கிய பெயரை எழுதினார். என்ன பெயர்? 'விலக்கப்பட்ட கனி'! ஆதாமும் ஏவாளும் உண்ணக்கூடாது என்று ஆண்டவன் தடுத்தானாமே, அந்தக் கனியின் பெயர்! 1830-இல் மாக்ஃபேடியன் என்ற தாவர அறிஞர் அதற்குச் சூட்டிய அறிவியற் பெயரும் சுவர்க்கத்தை நினைவூட்டுவதே: சிட்ரஸ் பாரடைசி. இன்று உலகம் அதனைக் கிரேப்புரூட் என்று அழைக்கிறது. கொத்துக் கொத்தாகத் திராட்சை போலக் காய்ப்பதால் அந்தப் பெயர் என்பர்.

பாதிரியார் காலத்திலே அது விலக்கப்பட்டதற்குக் காரணம் எதுவும் இல்லை, வெறும் கதை. ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே கனி மெய்யாகவே சிலருக்கு விலக்கப்பட்டது. இம்முறை விலக்கியது ஆண்டவனல்லன், ஆய்வுக்கூடம், கதையல்ல, கணக்கு.

கனி ஒருபுறம் இருக்கட்டும். மாத்திரையின் பிறப்பையும் சிறிது பார்ப்போம்.

கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் இல்லாமல் உடல் இல்லை. உயிரணுவின் சுவருக்கே அது வேண்டும். அதிலே பெரும்பகுதியை நம் ஈரலே செய்துகொள்கிறது. குருதியிலே அது அளவுக்கு மிஞ்சும்போதுதான் இரத்தக் குழாய்ச் சுவரிலே படிந்து, தடித்து, வழியை அடைக்கிறது. 1913-இலேயே ரஷ்ய அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டிக் குழாய்கள் தடிப்பதைக் காட்டினார். காட்டியும் என்ன? ஈரலின் உற்பத்தியைக் குறைக்கும் மருந்து கிட்ட அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

கிட்டியது எங்கே? பூஞ்சணத்தில்! ஜப்பானிலே வேளாண் குடும்பத்திற் பிறந்த அகிரா எண்டோ என்பார், 1928-இல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்ட கதையை இளமையிலே படித்து வியந்தவர். நோய்க்கிருமியைக் கொல்லும் பொருளைப் பூஞ்சணம் செய்யுமானால், கொலஸ்டிரால் செய்யும் நொதியைத் தடுக்கும் பொருளையும் ஏதோ ஒரு பூஞ்சணம் செய்யக்கூடாதா என்று கருதினார். 1971-இல் தேடத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களை ஒவ்வொன்றாக ஆய்ந்தார். தவம் செய்து வரம் பெற்றார் என்று புராணம் எழுதுவர். இவர் செய்ததுதான் தவம்! 1973-இல், கியோத்தோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியிலே படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து விடை கிடைத்தது. அதன் பெயர் பென்சிலியம் சிட்ரினம். சிட்ரினம் என்றால் எலுமிச்சை நிறத்தது என்று பொருள். பின்னாளில் எலுமிச்சைக் குடும்பத்துக் கனியொன்றே அந்த மருந்தின் வழியிலே குறுக்கிடப் போகிறது என்பதை அன்று யார் அறிவார்!

அதன்பின் அமெரிக்கக் கம்பெனியொன்று வேறொரு பூஞ்சணத்திலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டின் 1987-இல் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. சிம்வாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று குடும்பம் பெருகிற்று. பயன் உண்டா என்று கேட்பீர்கள். 1994-இல் வெளிவந்த ஸ்கேண்டிநேவிய ஆய்வே போதும். இதயநோய் கண்ட 4,444 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குச் சிம்வாஸ்டாட்டினும் மறு கூறுக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தந்து, ஐந்து ஆண்டுக்கு மேல் கண்காணித்தனர். போலி மாத்திரை உண்டோருள் 256 பேர் இறந்தனர். மருந்து உண்டோருள் 182 பேர். இடையிலுள்ள எழுபத்து நான்கு உயிர்கள் எந்தத் தீர்த்தத்தாலும் தப்பியவை அல்ல. எண்டோ 2024-இல் மறைந்தார்; நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. தானியக் கடைப் பூஞ்சணத்தைத் தேடி எடுத்தவருக்கு உலகம் பட்ட கடன் அப்படியே நிற்கிறது.

இனி, கனி எப்படிக் குறுக்கே வந்தது?

கனடா நாட்டிலும் ஒரு லண்டன் உண்டு. ஒன்டாரியோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கே மருந்தியல் ஆய்வாளராக இருந்தவர் டேவிட் பெய்லி. ஒரு மைல் தொலைவை நான்கு மணித்துளிக்குள் ஓடிக் கடந்த முதல் கனடியர் இவர், 1966-இல் ஓடினார். ஆனால் மருந்துலகம் இவரை நினைவிற் கொள்வது வேறொரு காரணத்துக்காக.

1980-களின் இறுதியிலே இவரும் தோழர்களும் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி எளியது. ஃபெலோடிபின் என்னும் இரத்தக் கொதிப்பு மருந்தோடு மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? இதைக் காண, ஆய்வுக்கு வந்தோருக்கு ஒரு நாள் மது கலந்த பானமும் இன்னொரு நாள் மது கலவாத பானமும் தர வேண்டும். எது எந்த நாள் என்பது அருந்துபவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால்? "மது குடித்தோம், ஆகவே தலை சுற்றுகிறது" என்று மனமே கற்பித்துக்கொள்ளும். ஆகவே மதுவின் சுவையை மறைக்க ஏற்ற சாறு எது என்று தம் வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்த சாறுகளையெல்லாம் பெய்லி கலந்து பார்த்தார். கசப்பும் புளிப்பும் மிக்க கிரேப்புரூட் சாறே மதுவை நன்றாக மறைத்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும், தோழர்களே! சாற்றை நாடியதே ஏன்? உண்பவரின் நம்பிக்கை உண்மையைக் கெடுத்துவிடக்கூடாது என்ற அச்சத்தால்! வைதிகம் நம்பு, பலன் தெரியும் என்கிறது. அறிவியலோ, நம்பிக்கை நுழைந்தால் பலன் தெரியாமற் போய்விடும் என்று கதவை அடைக்கிறது. தன் கண்ணையே தான் நம்பாத இந்த அடக்கம் எந்த மடத்திலே கற்பிக்கப்படுகிறது?

முடிவு வந்தது. விந்தையான முடிவு. குருதியிலே மருந்தின் அளவு, பிறர் முன்னர்க் கண்டதைவிடப் பன்மடங்கு உயர்ந்து நின்றது. மது அருந்திய நாளில் மட்டுமா? மதுவே கலவாத நாளிலும்! மருந்தளவிலே பிழையோ என்று ஆராய்ந்தனர், பிழையில்லை. மிஞ்சியது சாறு ஒன்றுதான். சாறா? காலை உணவோடு கோடிப் பேர் குடிக்கும் சாறா? பெய்லி தம்மையே சோதனைப் பொருளாக்கினார். ஒரு நாள் நீரோடு, ஒரு நாள் சாற்றோடு, மருந்தை விழுங்கித் தம் குருதியை எடுத்துப் பார்த்தார். சாற்றோடு உண்ட நாளில் அளவு உயர்ந்திருந்தது.

1989-இல் செய்தி வெளிவந்தது. 1991-இல் 'லான்செட்' ஏட்டிலே விரிவாக வந்தது. ஆறு பேரிடம் செய்த ஆய்வு: நீரோடு உண்டபோது குருதியிற் கலந்த ஃபெலோடிபினை 100 என்று கொண்டால், கிரேப்புரூட் சாற்றோடு உண்டபோது சராசரி 284, ஒருவருக்கு 164, மற்றொருவருக்கு 469. ஆரஞ்சுச் சாறு எதையும் மாற்றவில்லை. ஒரே குடும்பத்துக் கனிகள். ஒன்று குற்றவாளி, மற்றொன்று குற்றமற்றது!

ஏன் இப்படி? நம் குடலின் உட்சுவரிலே 'சிப் 3ஏ4' என்றொரு நொதி காவல் நிற்கிறது. அயற்பொருள் எது வந்தாலும் அதனை உடைத்துச் சிதைப்பது அதன் வேலை. கோவைக்கு வரும் சரக்கைச் சோதனைச் சாவடியிலே நிறுத்தி, நூறு மூட்டையில் தொண்ணூற்றைந்தைப் பறித்துக்கொள்ளும் காவலனை எண்ணிக்கொள்ளுங்கள். சிம்வாஸ்டாட்டின் நிலைமை ஏறத்தாழ அதுதான்: விழுங்கியதிலே நூற்றுக்கு ஐந்து பங்கோ அதற்கும் குறைவோதான், குடலும் ஈரலும் சிதைத்தது போக, குருதிக்கு வருகிறது. மருத்துவர் இதை அறிந்தே அளவு எழுதுகிறார். காவலன் தொண்ணூற்றைந்தைப் பறிப்பான் என்று கணக்கிட்டு நூறு அனுப்புகிறார். காவலன் ஒரு நாள் மயங்கி விழுந்தால்?

மயக்குவது பியூரானோகூமரின் என்ற பொருள்கள். கிரேப்புரூட்டிலே நிரம்ப உண்டு. நொதியைத் தடுப்பதோடு அவை நிற்பதில்லை. அதனை மீளாதபடி அழித்தே விடுகின்றன. குடல் புது நொதி செய்துகொண்டால்தான் உண்டு. 1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆறு நாள் இச்சாறு அருந்தியோரின் சிறுகுடற் சுவரிலே அந்நொதி 62 விழுக்காடு குறைந்திருப்பதை அளந்து காட்டினர். ஈரலில் உள்ள நொதி குறையவில்லை. குற்றம் நிகழும் இடம் குடல்தான் என்பது தெளிவாயிற்று.

கொழுப்பு மாத்திரையோடு இச்சாற்றைச் சேர்த்துச் சோதித்தவர்கள் பின்லாந்து நாட்டார். 1998-இல் அவர்கள் வெளியிட்ட எண் மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. இருமடங்கு செறிவான சாற்றை நாளுக்கு மும்முறை அருந்தியோருக்குச் சிம்வாஸ்டாட்டின் பதினாறு மடங்கு ஏறிற்று! மறுப்பவர் கேட்டனர்: "யார் ஐயா அவ்வளவு குடிக்கிறார்கள்?" நேர்மையான கேள்வி. அதே குழுவினர் 2004-இல் விடை தந்தனர். நாளுக்கு ஒரே குவளை, 200 மில்லிலிட்டர், சாதாரணச் சாறு, அப்போதும் 3.6 மடங்கு. செறிந்த சாற்றை அருந்தியோருக்கு, அதை நிறுத்திய பின்னும் விளைவு ஓயவில்லை: ஒரு நாள் கழித்து 2.4 மடங்கு, மூன்று நாள் கழித்து 1.4 மடங்கு, ஏழு நாள் ஆன பின்னர்தான் பழைய நிலை. ஆக, காலையிலே சாறு, இரவிலே மாத்திரை என்று பிரித்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் பொய்த்தது. லோவாஸ்டாட்டினுக்கும் இதே நிலை. அட்டோர்வாஸ்டாட்டினுக்கு ஏற்றம் உண்டு, ஆனால் குறைவு. செறிந்த சாற்றோடு இரண்டரை மடங்கு. பிரவாஸ்டாட்டினுக்கு மாற்றமில்லை. ரோசுவாஸ்டாட்டினும் இந்தக் காவலனை நம்பி வாழும் மருந்தன்று.

மிகுந்தால் என்ன கேடு? தசைகள் வலிக்கும், தளரும். அரிதாக, தசைநார் சிதைந்து, அதன் கழிவு குருதியிற் கலந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். 2004-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் ஒரு பெண்மணியின் நிலையைப் பதிவு செய்தனர். வயது நாற்பது. ஈராண்டு சிம்வாஸ்டாட்டின் உண்டும் எந்தத் தொல்லையும் இல்லாதவர். நாளுக்கு ஒரு கிரேப்புரூட் உண்ணத் தொடங்கியபின், தசைச் சிதைவோடு மருத்துவமனைக்கு வந்தார்.

அகத்திக் கீரைக்காரர்கள் இதற்குள் எழுந்து நிற்பார்கள் என்பது நமக்குத் தெரியும். "பார்த்தீர்களா, பத்தியம் என்று நம் முன்னோர் அன்றே சொன்னதை வெள்ளைக்காரன் இன்று கண்டுபிடித்திருக்கிறான்!" என்பார்கள். சற்றுப் பொறுங்கள். முன்னோர் சொன்னது என்ன? புளிப்பு, மருந்தை முறிக்கும் என்பது. ஆய்வு கண்டது என்ன? இந்தச் சாறு மருந்தை முறிக்கவில்லை. மும்மடங்கு, பதின்மடங்கு பெருக்குகிறது! திசையே நேர்மாறு. 'எப்படியோ, பழம் ஆகாது என்றோமா இல்லையா' என்று இதற்கும் உரிமை கொண்டாடினால், நாள்தோறும் 'மழை வரும்' என்று சொல்லிக்கொண்டே இருந்து, வந்த அன்றைக்குத் தட்சிணை கேட்கும் பஞ்சாங்கக்காரரின் வழி அது.

ஆனாலும் நீதி தவறலாகாது. முறிவு என்பதே பொய்யென்றும் நாம் சொல்லமாட்டோம். 2002-இல் அதே பெய்லியின் குழுவினர் ஃபெக்சோஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்தைச் சோதித்தபோது, கிரேப்புரூட், ஆரஞ்சு, ஆப்பிள் மூன்றின் சாறும் அம்மருந்து உடலிற் சேர்வதைக் குறைப்பதைக் கண்டனர். அங்கே நடப்பது முறிவுதான்! குடலிலே மருந்தை உள்ளே ஏற்றிச் செல்லும் புரதங்களை அச்சாறுகள் தடுக்கின்றன. ஒரே சாறு ஒரு மருந்தைப் பெருக்குகிறது, மற்றொன்றைக் குறைக்கிறது. அகத்திக் கீரையிலும் ஏதேனும் இருக்கலாம். இருந்தால் சோதித்துக் காட்டட்டும், முதலில் ஏற்பவர் நாமாக இருப்போம். இன்ன மருந்து, இன்ன அளவு, இத்தனை நாள் என்று சொல்லாத விலக்கு, தீட்டுக்கு உடன்பிறப்பு.

நம்முடைய பம்பளிமாசு? கிரேப்புரூட்டைப் பெற்றெடுத்த கனியல்லவா! பியூரானோகூமரின் அதிலும் உண்டு. 2003-இல் ஜப்பானில், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட நோயாளி ஒருவர் பம்பளிமாசு உண்டபின், அவர் உட்கொண்ட டாக்ரோலிமஸ் என்ற மருந்தின் அளவு குருதியில் ஏறியது பதிவாகியிருக்கிறது. அதையும் சிதைப்பது அதே குடற்காவலன்தான். செவில் ஆரஞ்சு எனப்படும் கசப்பு ஆரஞ்சும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊறுகாய்ச் சாடியிலுள்ள நாரத்தையும் அந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் குடும்பத்தைக் கொண்டு குற்றம் சாட்டுவது வருணாசிரமத்தின் வேலை. அறிவியல் ஒவ்வொருவரையும் தனித்தனியே கூண்டில் ஏற்றி விசாரிக்கிறது. இனிப்பு ஆரஞ்சு விசாரிக்கப்பட்டு, இந்தக் குற்றத்திலே விடுதலை பெற்றதை முன்பே கண்டோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற வழியிலே கல்லாறும் பர்லியாறும் இருக்கின்றன. சென்ற நூற்றாண்டுகளில் வெள்ளையர் ஆட்சி அங்கே அரசுப் பழப்பண்ணைகளை நிறுவி, அயல்நாட்டுக் கனி மரங்கள் நம் மலைச்சரிவில் வளருமா என்று சோதித்தது. மங்குஸ்தானும் துரியனும் கொங்கு மக்களுக்கு அறிமுகமானது இப்படித்தான். மரம் வளருமா என்று சோதித்தோம். கனி நம்முள்ளே என்ன செய்கிறது என்று சோதிப்பதற்கும் வேளாண் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊரிலே அமைந்த கோவையைவிட ஏற்ற இடம் ஏது? நாரத்தையையும் கடாரங்காயையும் கூண்டில் ஏற்ற வேண்டியவர்கள் நாம்தானே!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் நாமும் மடாதிபதிகளாவோம். விலக்கத்தான் வேண்டுமா என்று அறிவியலுக்குள்ளேயே வழக்கு நடந்தது. 2016-இல் இங்கிலாந்து ஆய்வாளர் மூவர், நாளுக்கு ஒரு குவளைச் சாற்றால் மருந்து மிகுந்தால் கொழுப்பும் மேலும் குறையும், அதனால் தடுக்கப்படும் மாரடைப்பு மிகுதி, தசைக் கேடோ அரிது, எனவே தடை தேவையில்லை என்று எழுதினர். மறுபக்கத்தார், மருந்தின் அளவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டுமே தவிர, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக விளையும் கனியிடம் ஒப்படைக்கலாமா என்பர். நமக்கு இரண்டாவது வாதமே வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் வேதத்துக்கு இப்படி ஒரு மறுப்புரையை, அதே வேதபாடசாலையிலிருந்து, யாரேனும் எழுத விடுவார்களா என்று எண்ணிப் பாருங்கள்!

மாத்திரை இன்று ஏழைக்கும் எட்டுகிறது என்றால் அதற்கும் வரலாறு உண்டு. 1970-இல் இயற்றி 1972-இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கே ஏகபோகம் தர மறுத்தது. செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை. வேறு செய்முறையால் அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் செய்தன, விலை விழுந்தது. 2005-இல் உலக வாணிப ஒப்பந்தத்தின்படி அந்தக் கதவு சாத்தப்படுமுன்னரே, ஸ்டாட்டின்கள் நம் கடைகளுக்கு வந்துவிட்டன. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்திலே, மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோருக்கு உடனே தரப்படும் மூன்று மருந்துகளுள் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்று. ஜப்பானியத் தானியக் கடையிலே பிறந்த எண்ணம் தாளவாடிக் காட்டுவழி வரை வந்துவிட்டது.

மாத்திரை வந்தது, மாத்திரையோடு வரவேண்டிய சொல் வந்ததா? கடைக்காரர் பத்து மாத்திரையைக் கத்தரித்துத் தாள் உறையிலே போட்டுத் தருகிறார். எச்சரிக்கைத் துண்டு பெட்டியோடு நின்றுவிடுகிறது. அட்டையிலே இருப்பதோ ஆங்கில எழுத்து. அதுவும் எறும்பின் கால் அளவு. உண்பவரோ தமிழ் மட்டும் அறிந்தவர். அந்த வெற்றிடத்திலேதான் கைப்பேசி மருத்துவர் நுழைகிறார். அவர் தமிழிலே பேசுகிறார், 'அய்யா, அம்மா' என்று அழைத்துப் பேசுகிறார். பொய் நம் மொழியிலே வருகிறது, உண்மை அயல்மொழியிலே வருகிறது. இந்த நிலையை எத்தனை நாள் பொறுப்பது? ஊர்தோறும் படிப்பகம் நடத்தும் தோழர்கள், வாரத்துக்கு ஒரு மாலை, முதியவர்களின் மாத்திரை அட்டையிலுள்ள பெயரைப் படித்துத் தமிழிலே எழுதிக் கொடுக்கலாம். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ நமக்கு உரிமையில்லை. அது மருத்துவர் பொறுப்பு. பெயரைப் படித்துச் சொல்லவும், தசை வலித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே மருத்துவரிடம் அனுப்பவும் உரிமை உண்டு.

நொய்யற்கரைப் பெரியவரிடம் திரும்புவோம். மருத்துவமனையிலிருந்து மீண்டவர், புட்டியை எறிந்துவிட்டார். மாத்திரையை மறவாமல் உண்கிறார். நாம் இந்தக் கிரேப்புரூட் கதையைச் சொன்னபோது, நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு புழக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் மனைவியார் வைத்து வளர்த்த பம்பளிமாசு மரம், காய்களின் சுமையால் தாழ்ந்து நின்றது.

"அப்ப அந்த மரத்தை வெட்டிப் போடோணுங்களா, வாத்தியாரே?"

"அட்டையை எடுத்து வாருங்கள், ஐயா" என்றோம்.

எடுத்து வந்தார். பெயரைப் படித்தோம்: ரோசுவாஸ்டாட்டின். கூட உண்ணும் மற்ற மூன்று மாத்திரைகளின் பெயர்களையும் தமிழிலே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பழத்தைப் பற்றி மருத்துவரையே கேட்டுவரச் சொன்னோம். அடுத்த கிழமை கேட்டு வந்தார். இவற்றோடு தொல்லையில்லை, மாத்திரை மாறினால் மட்டும் மீண்டும் வந்து கேளுங்கள் என்றாராம் மருத்துவர். அந்தத் தாளைச் சுவரிலே, நாட்காட்டிக்குப் பக்கத்திலே, ஒட்டி வைத்திருக்கிறார். நாம் புறப்படும்போது இரண்டு பழங்களைப் பறித்துப் பையிலே போட்டார்.

"உங்களுக்கு மாத்திரை ஒண்ணும் இல்லைங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.